வெள்ளிக்கிழமை மட்டும் நீண்ட பட்டை

நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. ரேஷன் கடையில் என் முறை வந்த பிறகும் பின்னால் நிற்பவர்கள் முன்னால் போய் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருபவர்களிடம் "கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்பதற்கு மேல் பேசியதில்லை. எங்கள் சந்தின் தண்ணீர்க் கணக்கு என் கைக்கு வந்ததற்கு அதுதான் காரணம். யாரோடும் சண்டை போடாதவள், பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தலையாட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பழங்காநத்தத்தில் பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற சந்து எங்களுடையது. பதினெட்டு வீடுகளும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் முழுக்க ஒரு குடோனின் சுவர். ரோட்டு முனையில் முதல் வீடு. அங்கிருந்து உள்ளே போகப் போக லேசான மேடு. காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். ஆனால் அது எட்டாவது வீடு வரைக்கும்தான். ஒன்பதாவது வீட்டிலிருந்து மேலே எங்களுக்கெல்லாம் குழாயைத் திறந்தால் பெருமூச்சு மாதிரி காற்று வரும். அவ்வளவுதான். என் வீடு பதினாலாவது. நாங்கள் மேல் வீட்டுக்காரர்கள் குடத்தோடு கீழ் வீட்டு வாசல்களில் நிற்போம். அவர்கள் பிடித்து முடித்த பிறகு எங்களுக்கு.

கடைசி வீட்டில், பதினெட்டாவதில், இட்லி விற்கிற ஒருத்தி இருந்தாள். உறவு கிடையாது. அவள் என் வீட்டுக்காரரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு மதினி ஆனாள். நானும் அவளை மதினி என்றேன். அந்தச் சந்தில் அவள் ஒருத்தியிடம்தான் நான் நிறுத்தாமல் பேசுவேன். ஒருநாள் காலையில் ஏழாவது நடை போய்த் திரும்பியவள் என் வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மதினி, வீட்டுச் சொந்தக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு மாசம் பாப்பேன். அதுக்குள்ள தண்ணி வரலைன்னா காலி பண்ணிருவேன். அலங்காநல்லூர்ல எங்கண்ணன் வீட்டுப் பக்கத்துல அடிபம்பு இருக்கு. அங்க போயி இட்லி அவிச்சுக்கிறேன்."

"அங்க எல்லார் வீட்லயும்தான் இட்லி அவிக்கிறாக. உங்ககிட்ட யாரு வாங்குவா?"

"வாங்கலைன்னா நானே தின்னுட்டுப் போறேன். விக்கல் எடுத்தாக் குடிக்கத் தண்ணியாவது இருக்கும்ல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்விட்டால் நான் பேச வேண்டியது தையல் மிஷினோடுதான்.

அந்த வாரமே பத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து தண்ணீர் ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த இன்ஜினியர் நல்ல மனிதர்தான். சந்துக்கு வந்து பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். "இது மேடும்மா. மேட்டுக்குத் தண்ணி ஏறாது" என்றார். குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கச் சொன்னோம். சந்தில் சிமெண்ட் ரோடு போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. "புது ரோட்டை உடைக்கணும்னா மேல காரணம் எழுதணும். பத்துப் பேரு கத்துனாங்கன்னு எழுத முடியாது. ஒரு மாசத்துக்கு வீட்டுக்கு வீடு எத்தனை குடம் வருதுன்னு எழுதிக் கொண்டாங்க. கீழ் வீடு, மேல் வீடு எல்லாம். வரலைன்னா பூஜ்யம் போடுங்க. காலியா மட்டும் விட்டுறாதீங்க. காலின்னா நீங்க கேக்கலைன்னு அர்த்தம்."

கீழ் வீடுகளில் இது பிடிக்கவில்லை. வாசலில் வண்டி நிறுத்த வசதியாக இப்போதுதான் ரோடு வந்திருக்கிறது, அதை உடைக்கவா என்றார்கள். அதில் அதிகமாகப் பேசியது முதல் வீட்டு அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம், சேலை வியாபாரம். என்னிடம்தான் ஜாக்கெட் தைப்பார். "ரோட்டுல கடப்பாரை வச்சா நான் குறுக்க உக்காருவேன்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "அந்த மாம்பழக் கலர் ஜாக்கெட் என்னாச்சு?" என்று கேட்டார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். இடது பக்கம் மேலிருந்து கீழாக வீட்டு நம்பர், தலையில் தேதி. முதல் நாளே ஒரு சிக்கல். குடம் என்றால் எந்தக் குடம்? ஒருத்தரிடம் பிளாஸ்டிக் குடம், இன்னொருத்தரிடம் எவர்சில்வர் குடம், முதல் வீட்டில் பித்தளைத் தவலை. ஆளுக்கு ஆள் முழம் மாறும் என்று தையல்காரிக்குத் தெரியாதா? என் பச்சை பிளாஸ்டிக் குடத்தை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிப் பார்த்தேன். முதல் வீட்டுத் தவலைக்கு என் குடத்தில் இரண்டரை. "என் தவலைக்கே அளவெடுக்கிறியா நீ?" என்று அந்த அக்கா கேட்டார். "ஆமாக்கா" என்றேன். அவர் வீட்டுக்குள் திரும்பி அவர்கள் மொழியில் என்னவோ சொல்ல, உள்ளே அவர் கணவர் சத்தமாகச் சிரித்தார்.

பகலெல்லாம் தையல். பொழுது சாய்ந்து விளக்கேற்றிவிட்டு நோட்டோடு கிளம்புவேன். அந்த நேரத்தில்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். வாசலில் நின்று "இன்னைக்கு எத்தனை குடம்?" என்று மட்டும் கேட்டால் போதும். இந்த ஒரு கேள்விக்கு எனக்கு வாய் நன்றாகவே திறந்தது. மேல் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். "பூஜ்யம்னு எழுது. சின்னதா எழுதாத, பெருசா எழுது, அந்த இன்ஜினியரு கண்ணாடி போட்டிருக்காரு." என் வீட்டு வரியைக் கடைசியில் எழுதி நோட்டை மூடுவேன்.

நாலு வாரம் முடிந்தபோது நோட்டில் ஐந்நூறுக்கு மேல் கட்டங்கள் நிரம்பியிருந்தன. பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. இன்ஜினியருக்கு எப்படி விளங்கும்? பள்ளிக்கூடத்தில் கணக்கில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், பட்டை வரைபடம். மற்றக் கணக்கெல்லாம் விடை தப்பாகும். அது மட்டும் அழகாக வரும். அது ஞாபகம் வந்தது. கிராப் தாள் இல்லை. ஆனால் ஜாக்கெட் அளவு வெட்டுவதற்காக வாங்கி வைத்த காக்கித் தாள் சுருள் இருந்தது, நீல லைனிங் துணித் துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன, இஞ்ச் டேப் கழுத்திலேயே கிடந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் மொத்தத்தைக் கூட்டி இருபத்தெட்டால் வகுத்தேன். ஒரு குடத்துக்கு அரை இஞ்ச் என்று வைத்துக்கொண்டேன். முதல் வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம், ஆறு இஞ்ச் நீலத் துணி. வெட்டி, மைதாப் பசை தடவி, தாளில் நிற்க வைத்து ஒட்டினேன். இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. எட்டாவது வீட்டுக்கு நாலரை இஞ்ச். ஒன்பதாவது வீட்டுக்கு வெட்டியது பட்டையே இல்லை. ஜாக்கெட்டின் ஊக்குப் பட்டி அகலம்கூடத் தேறவில்லை. அதற்குப் பிறகு வந்த வீடுகளுக்கும் அப்படித்தான். பதினெட்டையும் ஒட்டி முடித்து எழுந்து நின்று பார்த்தேன். எட்டு ஆட்கள் விறைப்பாக நிற்கிறார்கள். பக்கத்தில் பத்துப் பேர் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறார்கள். ஒரு மாதமாக நான் எழுதிய எறும்புகள் எல்லாம் சேர்ந்து திடீரென்று ஒரே குரலில் பேசிவிட்டன. இதை மேஜையில் விரித்தால் போதும், நான் வாயே திறக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "தண்ணி வரலைன்னு துணியில ஒட்டுனா வந்துருமா? அப்ப எனக்கு லீவு குடுக்க மாட்டேங்கிறாகன்னு நானும் ஒரு சட்டை தச்சுப் போட்டுக்கிறேன்."

அவர் பேச்சை நான் கண்டுகொள்ளவே இல்லை. கை துறுதுறுவென்று இருந்தது. இன்னொரு தாளை விரித்தேன். இதை யாரும் கேட்கவில்லை. மேல் வீடுகள் பத்துக்கும் சேர்த்து, திங்கள் எவ்வளவு, செவ்வாய் எவ்வளவு என்று கிழமைவாரியாகப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. ஏழு கிழமைக்கு ஏழு பட்டை. ஆறு கிழமைகள் நூல் மாதிரி கிடந்தன. வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்கு மூன்று குடம் என்று எழுந்து நின்றது. அதற்கு மட்டும் ஜரிகை வைத்த துணியில் பட்டை வெட்டினேன். வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற அழகு என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் மதினியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். முதல் தாளை விரித்ததும் இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இதை யாரு பண்ணது?"

மதினி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

அவர் எட்டாவது பட்டையின் தலையிலிருந்து ஒன்பதாவது பட்டைக்கு விரலை இறக்கினார். "நான் மேடுன்னு சொன்னேன். மேடுதான் காரணம்னா படிப்படியாத்தானே குறையணும்? முதல் எட்டு வீட்டுல அப்படித்தான் குறையுது. ஆனா எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல தண்ணி கிணத்துல விழுந்த மாதிரி விழுதே. அந்த இடத்துல என்ன இருக்கு?"

"சாக்கடைக்கு மேல போட்ட சிலாப்புக் கல்லு சார்" என்றாள் மதினி.

"அப்ப அங்கதான் குழாய்ல ஏதோ ஆயிருக்கு." அவர் பேனாவைத் திறந்துவிட்டார். அந்த நொடியில் எனக்கு ஆபீஸ் மேஜை மேல் ஏறிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான், அவர் கேட்காமலேயே, இரண்டாவது தாளையும் விரித்தேன்.

அவர் பார்த்தார். பேனாவை மூடினார்.

"மேல் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் மூணு குடம் வருதா?"

நான் பெருமையோடு தலையாட்டினேன்.

"அப்ப குழாய்ல அடைப்பு இல்லம்மா. அடைச்ச குழாய் வெள்ளிக்கிழமை மட்டும் திறக்காது. அன்னைக்கு வேற ஏரியாவுல வால்வை மூடுவாங்களா இருக்கும், பிரஷர் கூடுது. ரோட்டை உடைக்க வேண்டியதில்ல."

மதினி என் காதருகே குனிந்தாள். "வெள்ளிக்கிழமை எங்க மதினி தண்ணி வந்துச்சு? போன வெள்ளிக்கிழமை ஒம்பது நடை நடந்தேனே."

"நீங்கதான மூணு குடம்னு சொன்னீங்க?"

"பின்ன? வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச நேரத்துல வாசல்ல நின்னு கேக்குறீங்க. இல்லைன்னா சொல்லுவேன்? வீட்ல இருந்ததைச் சொன்னேன்."

நோட்டைப் புரட்டினேன். ஒன்பதாவது வீடு, பத்தாவது வீடு, எல்லோரும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். உப்பு தீர்ந்தாலும் இல்லை என்ற சொல் வாயில் வராத நேரம். ஒருத்தர்கூடப் பூஜ்யம் சொல்லவில்லை. குழாயில் வந்ததை விட்டுவிட்டு, கீழ் வீடுகளிலிருந்து சுமந்து வந்து நிறைத்து வைத்ததைச் சொல்லியிருக்கிறார்கள். பதினாலாவது வரியைப் பார்த்தேன். என் கையெழுத்தில் நாலு வெள்ளிக்கிழமையும் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. என் வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் என்னிடம் கேட்கக்கூட இல்லை. விளக்கின் முன்னால் உட்கார்ந்து என் கையே பூஜ்யம் போட மறுத்து, மூலையில் இருந்த குடங்களை எண்ணி எழுதியிருக்கிறது.

பேசாமல் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. மதினி பக்கத்தில் நின்றாள். அவள் சொன்ன இரண்டு மாதத்தில் ஒரு மாதம் இந்த நோட்டிலேயே போயிருந்தது.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "வெள்ளிக்கிழமைக் கணக்கு மட்டும் பொய் சார்."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். நான் என் வரியைக் காட்டி, விளக்கு வைத்த நேரத்தைச் சொல்லி, எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் அரிசி தீந்தா நிறைஞ்சிருக்குன்னுதாம்மா சொல்லுவாங்க. ஆனா இதை நான் ஃபைல்ல எழுத முடியுமா? ஒரு கிழமை பொய்னா மிச்ச ஆறு கிழமையும் பொய்னு மேல திருப்பி அனுப்பிருவாங்க."

"வேற நேரத்துல கேக்குறேன் சார். கேக்கக்கூட வேணாம். தண்ணி வர்ற நேரத்துலயே, காலைல ஆறு மணிக்கு, ஒவ்வொரு குழாயா நின்னு பாத்து எழுதுறோம்."

"யாரு பாக்குறது? நீங்களேவா?" அவர் யோசித்தார். "கீழ் வீட்டுல, ரோட்டை உடைக்க வேணாம்னு சொல்றவங்க யாராச்சும் பாத்து, அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நான் எழுதுறேன்."

ஆபீஸிலிருந்து திரும்பினோம். முதல் வீட்டு வாசலில் நான் நின்றேன். உள்ளே போக ஒரு சாக்கு வேண்டுமே என்று மாம்பழக் கலர் ஜாக்கெட்டை எடுத்துவரப் போனேன். அதைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

முதல் வீட்டு அக்கா ஜாக்கெட்டின் தையலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, ரோட்டை உடைக்கக் கூடாதுன்னு சொல்ற என்னையே சாட்சிக்குக் கூப்புடுற?"

"அதனாலதான்க்கா. எங்க பேச்சை நம்ப மாட்டாங்க. உங்க பேச்சை நம்புவாங்க."

"நான் உள்ளதை எழுதுவேன். வந்தா வந்துச்சுன்னு எழுதுவேன். அப்புறம் எம்மேல சடைக்கக் கூடாது."

"உள்ளதைத்தான்க்கா எழுதணும்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளித்துப் பூ வைத்து, கணவரின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார் அக்கா. எட்டாவது வீட்டுக் குழாயில் தண்ணீர் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது வீட்டுக் குழாயை அவர் கையாலேயே திறந்தார். உஸ் என்றது. உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்தார். பத்தாவது, பதினொன்றாவது என்று நடந்தார். நடக்க நடக்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசி வீட்டில் மதினி இட்லிப் பானையோடு நின்றாள்.

"தண்ணி வருதா?" என்று அக்கா பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

மதினி என்னைப் பார்த்தாள், வாசல் கோலத்தைப் பார்த்தாள். "வரும்க்கா" என்றாள்.

"வரும்ங்கிற. குழாயைக் கேப்போம், அது என்ன சொல்லுதுன்னு." அக்கா திறந்தார். இந்தக் குழாயில் காற்றுகூட வரவில்லை.

ஏழு மணி வரைக்கும் மேலும் கீழும் இரண்டு தடவை நடந்தார். பிறகு என் நோட்டை வாங்கினார். பேனா கட்டத்தின் மேல் நின்றது. "வெள்ளிக்கிழமை காலைல என்னையப் பத்துப் பூஜ்யம் எழுத வச்சிட்டியே" என்றார். நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வட்டம் வட்டமாக, பத்தையும் எழுதினார். கையெழுத்தைப் போட்டார். அதற்குக் கீழே, நான் சொல்லாமலேயே, 'உடைக்கிற ரோட்டைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

"எம்புட்டு நாளா இப்படி?" என்று கேட்டார்.

"ஒரு வருஷம் ஆகப் போவுதுக்கா."

"என் வாசல்ல கூட்டம் போட்டு நின்னு பேசத்தான் வாரீகன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். எட்டாவது வீட்டுக்கும் ஒன்பதாவது வீட்டுக்கும் நடுவில் இன்ஜினியர் சாக்பீஸால் கோடு போட்டார். முதல் அடி விழுந்தது. என் துணிப் பட்டைகளை நம்பித்தான் புது ரோட்டை உடைக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் இந்தச் சந்தில் எந்த முகத்தோடு நடப்பேன்? சிலாப்பின் அடியில் மண்ணை அள்ளியபோது குழாய் தெரிந்தது. மேலே இருந்த கல் இறங்கி, சப்பட்டையாக நசுக்கி வைத்திருந்தது. ஒரு விரல்கூட உள்ளே போகாது. கடப்பாரைக்காரர் நிமிர்ந்து, "இந்த இடம்னு யாரு சார் சொன்னது, அச்சு அசலா இருக்கு?" என்று கேட்டார். இன்ஜினியர் என் பக்கம் கையைக் காட்டினார். நான் குடோன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அங்கே திரும்பி நின்று வாய் வலிக்கச் சிரித்தேன்.

குழாயை மாற்றிய மறுநாள் காலையில் மேல் வீடுகள் பத்திலும் கூச்சல். என் வீட்டில் முதலில் சேறு வந்தது, பிறகு மஞ்சளாக வந்தது, பிறகு கண்ணாடி மாதிரி வந்தது. குடம் நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றதில் அடுத்த குடம் வைக்க மறந்து பாதித் தண்ணீர் வாசலில் ஓடியது. நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்கு ஓடினேன். மதினி வீட்டில் கால் வைக்க இடமில்லை. குடம், இட்லிப் பானை, அண்டா, சட்டி, மாவு கரைக்கிற வாளி, தம்ளர் வரைக்கும் நிரப்பி வைத்திருந்தாள்.

நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே அவள் வீட்டுச் சொந்தக்காரர் புதுக் குடித்தனக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "என்னம்மா, எப்பக் காலி பண்றே? இவுக வீடு பாக்க வந்திருக்காக" என்றார்.

மதினி ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள். "நீங்களே பாருங்கண்ணே. இருக்கிற சாமான் பூராவும் தண்ணி ரொப்பி வச்சிருக்கேன். இதுகளை எப்படி வண்டியில ஏத்துறது?"